தோட்டத்துச் சாளைக்கு எந்த தபால் பீட், யார் முடிவு பண்றது?

வாய்க்கால்மேடு:
பெருந்துறை பக்கம், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டின தோட்டத்துச் சாளைங்க (தோட்டத்துக்குள்ளயே இருக்கற வீடுங்க). அக்கரையில கூப்பிடு தூரத்துல கிளை அஞ்சலகம் இருக்குது. தபால் மட்டும் 4 கி.மீ. தள்ளி இன்னொரு ஊர்ல இருந்து வருது. பீட்டை, அதாவது ஒரு தபால்காரர் பட்டுவாடா பண்ற எல்லையை, எதை வெச்சுப் பிரிக்கறாங்க? மாத்தச் சொல்லிக் கேக்கலாங்களா?

சைக்கிள்மணி:
பாலம் எங்க இருக்குதுன்னு பாருங்க. பீட்டுக்கு அளக்கறது ஆள் போற பாதையை. வாய்க்காலைச் சுத்திக்கிட்டு வரணும்னா அக்கரை ஆபீசுக்கு நீங்க தூரத்து வீடுதான்.

கிராமத்துல ஒவ்வொரு கிளை அஞ்சலகத்துக்கும் இன்னின்ன ஊர்னு பட்டியல் உண்டு. பட்டுவாடா ஏபிபிஎம் (உதவிக் கிளை போஸ்ட்மாஸ்டர்) வேலை. அவர் இல்லாத ஆபீஸ்ல பிபிஎம்மே (கிளை போஸ்ட்மாஸ்டர்) கிளம்பிப் போவார். இவங்களுக்கு வேலை நேரம் 4 இல்லைன்னா 5 மணி நேரக் கணக்கு. பாதையும் தபால் எண்ணிக்கையும் அதுக்குள்ள அடங்கணும். சாளைக்கும் சாளைக்கும் நடுவுல அரை கி.மீ. காடு கிடக்கற நம்ம பக்கத்துல நாலு கடுதாசிக்கே பாதி நேரம் போயிரும்.

டவுன்ல கணக்கு தலைகீழ். அபார்ட்மெண்ட்ல நடை கம்மி, ஆனா ஸ்பீடு போஸ்ட்டுக்கு வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்கணும். அதனால பீட் நீளம் சின்னதா இருக்கும். எந்த பீட்டுக்கு எந்த போஸ்ட்மேன்ங்கறதைப் போஸ்ட்மாஸ்டர் ஒதுக்குவார்.

தூக்குப்பை:
பின்கோடு பீட் வரைக்கும் வராதுங்க. 638052ல முதல் 3 எண் ஈரோட்டுப் பக்கம், கடைசி 3 பட்டுவாடா ஆபீஸ். அதுக்குக் கீழ இருக்கற கிளை அஞ்சலகம் அத்தனைக்கும் ஒரே பின். காலைல தபால் பை பிரிச்சதும் எந்தக் கிளைக்குன்னு பேர் பார்த்துத்தான் பிரிப்பாங்க. வெறும் "புதுப்பாளையம்"னு இருந்தா? கொங்குல எத்தனை புதுப்பாளையம், எத்தனை புதூர்! தப்பான பைக்குள்ள விழுந்தா அந்தக் கிளையில பார்த்து, திரும்பற பையில போட்டு, மறுபடி பிரிச்சு வரணும். குறைஞ்சது ஒரு நாள் போச்சு.

விலாசத்துல அப்பா பேர், தோட்டத்துப் பேர், ஊர், கிளை அஞ்சலகம், "பெருந்துறை வழி", பின், செல் நம்பர் இவ்வளவும் வேணும். ஆன்லைன்ல நெறையப் பேர் 2/145னு கதவு நம்பரோட நிறுத்திடறாங்க. வழக்கமான ஆள் லீவுல போனா, மாத்தாளுக்கு அந்த நம்பர் எந்தத் தோட்டம்னு தெரியாது. கேக்கவும் காட்டுக்குள்ள ஆள் இருக்காது. 2025ல வந்த டிஜிபின்னையும் (அஞ்சல் துறையோட டிஜிட்டல் விலாசக் குறியீடு) சேர்த்து எழுதலாம், 4 மீட்டர் கட்டம் வரைக்கும் இடம் காட்டும். அதை வெச்சு பீட் பிரிக்கறதில்லீங்க.

வாய்க்கால்மேடு:
புரிஞ்சுதுங்க. பாலம் 300 மீட்டர்லயே இருக்குது. அப்பக் கேக்கலாம்தானே?

சைக்கிள்மணி:
தாராளமா. மனு கோட்டக் கண்காணிப்பாளருக்கு, நகல் உபகோட்ட இன்ஸ்பெக்டருக்கு. தனியாளாக் கேக்காதீங்க, அந்த வரிசையில இருக்கற சாளைக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. பாலத்தைக் குறிச்சு ஒரு படம் வரைஞ்சு, ரெண்டு ஆபீசுக்கும் வண்டித்தடத்துல எத்தனை கி.மீ.ன்னு எழுதுங்க. இன்ஸ்பெக்டர் நேர்ல வந்து பார்ப்பார். உங்களையும் சேர்த்தா அக்கரை ஆளுக்கு வேலை நேரம் தாண்டுதுன்னா, மனு அங்கதான் இழுபறியாகும்.

அதுக்கு முன்னாடி ரெண்டு கிளைக்கும் பின் ஒண்ணுதானான்னு பாருங்க. வேறயா இருந்தா ஆதார், பேங்க், கேஸ் புக் எல்லாத்துலயும் விலாசம் மாத்தணும். அதுக்கு அந்த 4 கி.மீ.யே பரவாயில்லைன்னு தோணும்.