பெங்களூரில் இரண்டு நாள்: மைக்ரோபுருவரிகளை எந்த வரிசையில் பார்ப்பது?

கூடுவாஞ்சேரி_பயணி (கேள்வி)

வெள்ளி ராத்திரி கிளம்பி சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பெங்களூரில் இருக்கிற மாதிரி நாலு பேர் திட்டம் போட்டிருக்கோம். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் இடங்களை ஒழுங்காகப் பார்க்கணும். பாட்டில் லாகர் (கடையில் கிடைக்கும் வழக்கமான பீர்) தவிர வேற வகை எங்களுக்குப் பழக்கமில்லை. எந்த இடம், எந்த நேரம், எதை முதலில் வாங்குவது, கொடுத்த பீர் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்ருத், பால் ஜான் விஸ்கி டிஸ்டில்லரி ரெண்டையும் அதே பயணத்தில் பார்க்க முடியுமா? கார் எடுத்து வரலாமா, வேண்டாமா?

பர்ப்பிள்_லைன்

கார் வேண்டாம். மெட்ரோவின் பர்ப்பிள் லைன் மெஜஸ்டிக், எம்.ஜி. ரோடு, இந்திராநகர் வழியாக ஒயிட்ஃபீல்டு வரை போகிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இந்த ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. எம்.ஜி. ரோடு அல்லது இந்திராநகர் பக்கம் ரூம் போட்டால் ராத்திரி திரும்புவது சுலபம்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒரே ருசியாகத் தெரியும், காசுதான் வீண்.

சனிக்கிழமை மதியம் 12 மணிக்கே இந்திராநகர் 100 அடி ரோட்டில் டாயிட். 2010இல் திறந்தது, நகரின் பீர் பழக்கத்தையே மாற்றிய இடங்களில் ஒன்று. சாயங்காலம் போனால் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துக் காத்திருக்கணும். மதியம் என்றால் உட்கார்ந்து ஊற்றுபவரிடம் நாலு கேள்வி கேட்கலாம். டின்டின் டாயிட்டில் தொடங்குங்கள். அது பெல்ஜியம் பாணி கோதுமை பீர், ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் மணக்கும். அடுத்து டாயிட் வைஸ், ஜெர்மன் பாணி கோதுமை பீர். பாஸ்மதி பிளாண்டையும் விடாதீர்கள். அரிசியின் மாவுச்சத்து சர்க்கரையாகி முழுக்க நொதித்துவிடும், அதனால் கனமில்லாமல் இறங்கும். லாகர் பழகிய நாக்குக்கு இதுதான் நல்ல பாலம்.

சாயங்காலம் மெக்ராத் ரோட்டில் ஆர்பர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரில் பிறந்த புருவரியின் கிளை, 2012இல் வந்தது. இங்கே குடிக்க வேண்டியது ரேஜிங் எலிஃபன்ட் ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான வகை). ஞாயிறு ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் ஜாஸ் கச்சேரி இருந்தால் அதற்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே பதிவு செய்யணும்.

எங்கே போனாலும் முதலில் முழு கிளாஸ் வாங்காதீர்கள். சாம்பிளர் கேளுங்கள், சின்னச் சின்ன கிளாஸ்களில் அன்றைக்கு ஓடும் வகைகள் வரும். இரண்டு பேருக்கு ஒரு செட். குடிக்கும் வரிசை: விட் (டின்டின் மாதிரி பெல்ஜியம் பாணி), ஜெர்மன் பாணி கோதுமை, பிளாண்ட், அப்புறம் ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்), ஐபிஏ கடைசியில். கோதுமை பீரின் கசப்பு அளவு 8 முதல் 15 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு), அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70. ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அதற்குப் பின் வரும் கோதுமை பீர் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். ஸ்டவுட்டை வந்தவுடன் குடிக்காமல் பத்து நிமிடம் மேசையில் வையுங்கள். 10 டிகிரி தாண்டினால்தான் அதில் காபி, சாக்லேட் வாசனை எழும்.

நுரை_பார்வை

வரிசை சரி. கொடுத்த பீர் நல்லதா என்ற கேள்விக்கு வருகிறேன், அதுதான் முக்கியம்.

அந்த இடத்தின் கோதுமை பீரை வைத்து எடை போடுங்கள். ஐபிஏவில் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாக இருந்து பல குறைகளை மறைத்துவிடும். கோதுமை பீரில் ஒளிய இடமே இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்து வரணும். இரண்டையும் தருவது ஈஸ்ட்தான், யாரும் பழமோ கிராம்போ போடுவதில்லை. 18–20 டிகிரியில் நொதிக்க விட்டால் இரண்டும் சமமாக நிற்கும். தொட்டி அதைவிடச் சூடாகிவிட்டால் கிராம்பு அடங்கி வாழைப்பழம் மட்டும் பபிள்கம் மாதிரி தூக்கும்.

இனி குறைகள். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் பீர் முற்றவில்லை, அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். விற்பனை ஓகோவென்று ஓடும் வாரங்களில் தொட்டி காலியாகும்போது நடப்பது இது. கோதுமை பீர், ஐபிஏ, ஸ்டவுட் போன்ற ஏல் வகைக்கு இரண்டு வாரம் போதும், லாகருக்கு நாலு முதல் ஆறு வாரம் தொட்டி அடைபட்டுக் கிடக்கும். மைக்ரோபுருவரிகளில் நல்ல லாகர் குறைவாகவும் கோதுமை பீர் அதிகமாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பாப்கார்ன் வெண்ணெய் வாசனைக்கு இரண்டு காரணம் உண்டு. ஈஸ்ட் தான் உண்டாக்கிய டயாசிட்டைல் என்ற வெண்ணெய் வாசனைப் பொருளைத் தானே திரும்பத் தின்று தீர்க்கும், அதற்குக் கடைசியில் ஓரிரு நாள் அவகாசம் தராமல் குளிரவைத்தால் வெண்ணெய் தங்கிவிடும். இல்லையென்றால் டேப் குழாய் சுத்தமில்லை. எதுவென்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரே வகையில் மட்டும் வந்தால் காய்ச்சியதில் குறை, மூன்று நாலு வகையிலும் லேசாகப் புளிப்போடு வந்தால் குழாயில் குறை. குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காஸ்டிக் காரக் கரைசல் விட்டுக் கழுவணும். தயங்காமல் கேளுங்கள், ஒழுங்காக வைத்திருப்பவர்கள் தேதியோடு சொல்வார்கள்.

வேகவைத்த மக்காச்சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாடை டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைத் தளதளவென்று திறந்து கொதிக்கவிடாமல் போனாலோ, கொதித்ததை வேகமாக ஆறவைக்காமல் விட்டாலோ வரும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் இங்கே கொதிக்கும் நேரத்தைக் குறைக்கவே கூடாது.

கிளாஸையும் பாருங்கள். உள்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் கிளாஸில் எண்ணெய்ப் பசை. நுரை உடனே செத்துவிடும். மாற்றித் தரச் சொல்லலாம், சண்டை போட வேண்டியதில்லை.

கூடுவாஞ்சேரி_பயணி

ரொம்ப நன்றி. நல்லதாக இருந்தால் ஊருக்குக் கொஞ்சம் வாங்கி வரலாமா? டிஸ்டில்லரி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஓக்_பீப்பாய்

பால் ஜான் சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியில் பார்லி மால்ட்டில் மட்டும் வடித்த விஸ்கி) கம்பெனி பெங்களூரு, ஆனால் சாராயம் வடிப்பது கோவாவில். பெங்களூரு டிஸ்டில்லரி என்றால் அம்ருத். 1948இல் தொடங்கியது, மைசூர் ரோட்டில் கும்பளகோடு பக்கம். அனுமதி இல்லாமல் வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்டு, சரி என்று பதில் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். பதில் வராவிட்டால் அரை நாளை வீணாக்காமல் நகரில் நல்ல விஸ்கி பாரில் உட்கார்ந்து ருசி பாருங்கள்.

நாலு பேர் என்றால் நாலு வகை, ஆளுக்கு ஒரு ஸ்மால், அதாவது 30 மி.லி., மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். அம்ருத் ஃப்யூஷன் கட்டாயம் இருக்கட்டும். இந்திய பார்லியும், ஸ்காட்லாந்தில் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டி எரிக்கும் மண்) புகையில் உலர்த்திய பார்லியும் சேர்ந்தது, 50% ஆல்கஹால் வலு. ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும். 30 மி.லி.க்கு 7.5 மி.லி. தண்ணீர், அதாவது ஒன்றரை டீஸ்பூன் விட்டால் வலு சரியாக 40%க்கு இறங்கும். அதை அரை அரை ஸ்பூனாக விட்டு ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். முதலில் புகை வரும், தண்ணீர் சேரச் சேர உலர்பழம், ஓக் இனிப்பு என்று ஒவ்வொன்றாகத் திறக்கும்.

பாட்டிலில் பெரும்பாலும் வயது போட்டிருக்காது, அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2% வாக்கில் ஆவியாகும், பெங்களூர் வெயிலில் 10 முதல் 12%. மரத்தோடு உறவாடுவதும் அதே வேகத்தில்தான். பன்னிரண்டு வருடம் வைத்தால் பீப்பாயில் கால் பங்கு மிஞ்சினாலே அதிகம். அதனால்தான் இளம் வயதிலேயே பாட்டிலில் அடைக்கிறார்கள்.

பர்ப்பிள்_லைன்

வாங்கி வருவது பற்றி: மைக்ரோபுருவரி பீரைப் பெரும்பாலும் வடிகட்டுவதில்லை, சூடுபடுத்திப் பதப்படுத்துவதும் இல்லை. ரயில் சூட்டில் ஈஸ்ட் மறுபடி வேலை செய்து வாயு ஏறும், ருசியும் போய்விடும். எல்லை தாண்டி மது கொண்டுவந்தால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் சிக்கல் வேறு. அங்கேயே குடித்து முடியுங்கள்.

கார் வேண்டாம் என்றதற்குக் கணக்கு இதோ. 500 மி.லி. 5% பீரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். 42.8% விஸ்கி 60 மி.லி.யிலும் அதே 20 கிராம்தான். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்த ஒரு கிளாஸே ரத்தத்தில் 100 மி.லி.க்கு 50 மி.கி. வரை கொண்டுபோகலாம், பெண்ணுக்கு இன்னும் கூடும். சட்ட வரம்பு 30 மி.கி. பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். உடம்பு மணிக்கு 15 மி.கி. வாக்கில்தான் இறக்கும். காபி, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது.

21 வயதைக் காட்டும் அடையாள அட்டை நாலு பேரிடமும் இருக்கட்டும். அக்டோபர் 2, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் இதெல்லாம் கடை மூடல், தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் இடையில் ஒரு கிளாஸ் தண்ணீர். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், இந்திராநகரில் இறங்கியதும் முதலில் நல்ல டிபன்.