ஈஸ்மெண்டுக்குத் தமிழில் என்ன? (ஆர்க்கன்சா வாத்து நிலம், வெள்ளிக்குள் வேண்டும்)

செவ்வாய், மெம்ஃபிஸ்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பல் மருத்துவர், மதுரைப் பக்கத்துக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்க்கன்சாவில் 80 ஏக்கர் வாங்குகிறார். எல்லாம் வாத்து வேட்டைக்காக. பாதிப் பணம் ஊரிலிருக்கும் அப்பாவுடையது. பெரியவர் ஒரே பிடியாக நிற்கிறார்: பத்திரத்தைத் தமிழில் படிக்காமல் ஒரு பைசா அனுப்ப மாட்டாராம். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

நிலத்தின் கதை இது. முன்பு ஆற்றோரக் காடு. காட்டை அழித்துச் சோயா போட்டார்கள். அடிக்கடி வெள்ளம் புகுந்து விளைச்சல் கையைக் கடித்தது. பழைய சொந்தக்காரர் 1990இல் வந்த ஒரு வேளாண் சட்டத் திட்டத்தின்கீழ் அரசிடம் 'கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்' (இயற்கையைக் காக்க நிலத்தின் சில உரிமைகளை விட்டுக்கொடுப்பது) எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். பிறகு கரை போட்டு, ஓக் கன்று நட்டு, தண்ணீரைத் திரும்ப நிறுத்தினார்கள். இப்போது குளிர்காலத்தில் வாத்து இறங்குகிறது.

பத்திரப்படி பட்டா நம்மவர் பெயரில்தான் இருக்கும். விற்கலாம், அயலாரை உள்ளே விடாமல் தடுக்கலாம், வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். வரியும் அவரே கட்ட வேண்டும். வீடு கட்ட, உழ, வடிகால் வெட்ட, மரம் வெட்ட முடியாது. அந்த உரிமைகள் என்றென்றைக்குமாக அரசிடம்.

அகராதியைப் பார்த்து 'பாதுகாப்பு வசதியுரிமை' என்று போட்டேன். பெரியவர் தொலைபேசியில், "என்னம்மா வசதி? கரண்டா, ரோடா?" என்றார். வேறு சொல் கொடுங்கள்.
சி.

புதன், மதுரை

அன்புள்ள சி. அவர்களுக்கு,

வசதியுரிமை சட்டத்தமிழில் நிலைத்த சொல். 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தை அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பெரியவருக்குப் புரியவில்லை என்பதற்காகக் கலைச்சொல்லை மாற்றிக்கொண்டே போனால் முடிவே இருக்காது.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நம் சட்டத்தில் இந்த உரிமை ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக இன்னொரு நிலத்தின்மேல் இருப்பது. என் கிணற்றுக்குப் போக உங்கள் வரப்பு வேண்டும், அதுபோல. நீங்கள் சொல்வதில் அரசுக்குப் பக்கத்து நிலமே கிடையாது. வாத்துக்காக அரசு உரிமை வைத்திருக்கிறது. ஆகவே சொல் சரி, பொருள்தான் அதற்குள் அடங்கவில்லை.
சு.

புதன், கும்பகோணம்

சு. அண்ணா, பொருள் அடங்காத சொல் எப்படிச் சரியான சொல்லாகும்?

முப்பது வருடம் வருவாய்த் துறையில் பத்திரம் பார்த்தவன் நான். பெரியவருக்குத் தெரிந்த சொல் பாத்தியம். 'வண்டிப்பாதை பாத்தியம்', 'தண்ணீர்ப் பாத்தியம்' என்று கிரயப் பத்திரத்தில் கிடக்கும். 'காப்புப் பாத்தியம்' என்று போடுங்கள், போதும்.

அதைவிட எனக்குக் கவலை தருபவை வேறு இரண்டு. 'ஈரநிலம்' என்று எழுதினால் அவர் நஞ்சை என்றுதான் படிப்பார். எங்கள் பதிவேட்டில் ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் நஞ்சை. மகன் எண்பது ஏக்கர் நஞ்சை வாங்குகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்! அடுத்தது, 'மீட்ட நிலம்', 'மீட்டெடுத்த நிலம்' என்று எழுதவே எழுதாதீர்கள். பத்திரத்தில் மீட்பது என்றால் ஒத்தியிலிருந்து மீட்பது. "அடமானத்தில் இருந்த நிலமா?" என்று அடுத்த தொலைபேசி வரும்.
ப.

புதன் இரவு, மெம்ஃபிஸ்

ப. ஐயா, நல்ல வேளை! முதல் வரியிலேயே 'மீட்டெடுக்கப்பட்ட ஈரநிலம்' என்றுதான் எழுதியிருந்தேன். இரண்டு கண்ணியிலும் ஒருசேரக் கால் வைத்திருக்கிறேன். 'மறுபடி நீர் தேக்கிய சதுப்பு' என்று மாற்றிவிட்டேன். யாராவது 'மீளீரநிலம்' என்று ஆரம்பித்தால் குழுமத்தை விட்டே போய்விடுவேன்.
சி.

வியாழன், திருச்சி

அன்பர்களே,

பாத்தியம் வடசொல். 'பாத்ய' என்பதன் வழி வந்தது. 'பாத்தி' என்னும் தமிழ்ச்சொல்லோடு சேர்த்து, பகு, பகுத்தி, பாத்தி, பாத்தியம் என்று சிலர் ஏணி கட்டுவதுண்டு. ஏறி நிற்க முடியாத ஏணி அது.

தமிழில் பிணைப்பைக் குறிக்கத் தளை இருக்கிறதே! காப்புத்தளை. யாப்பில் சீரைச் சீரோடு கட்டுவது தளை, இங்கே நிலத்தை நோக்கத்தோடு கட்டுவது தளை. எவ்வளவு பொருத்தம்!

தளை வேண்டாம் என்றால் செப்பேடுகளுக்குப் போங்கள். 'காராண்மை மீயாட்சி உள்ளடங்க' என்று நிலம் கொடுத்தார்கள். உழும் உரிமை காராண்மை, அதற்கு மேலான உரிமை மீயாட்சி. ஒரே நிலத்தில் இரண்டு அடுக்கு உரிமை என்பதை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்து வைத்துவிட்டார்கள். ஆர்க்கன்சா இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.
இ.

வியாழன், கும்பகோணம்

இ. ஐயா, காப்பு என்றால் கையில் போடுவது, தளை என்றால் விலங்கு. 'காப்புத்தளை' என்று படித்தால் மகனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று பெரியவர் அடுத்த விமானம் ஏறுவார்.

மீயாட்சி அழகுதான். ஆனால் உழுகிறவன் யார் இங்கே? இந்த நிலத்தில் உழக்கூடாது என்பதுதானே சங்கதி! காராண்மை ஒருவருக்கும் இல்லை, வாத்துக்கு வேண்டுமானால் இருக்கலாம்.
ப.

வியாழன், டொராண்டோ

எங்கட யாழ்ப்பாணத்து உறுதிகளில் (நீங்கள் பத்திரம் என்பது) வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கும். பொதுச்சொல் ஒன்றைத் தேடின ஞாபகமே இல்லை. இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம், அங்கே இதைச் 'சர்விட்யூட்' என்பார்கள், வேர்ச்சொல் அடிமை. நிலம் இன்னொன்றுக்கு அடிமைப்படுகிறது என்ற கருத்து. 'வசதி' என்பதைவிட உண்மை கூடிய சொல். கொடுப்பவன் பக்கமிருந்து பார்த்து வைத்த பெயர் அது.

வாத்துக்கு நாங்கள் தாரா என்போம், அதையும் ஒருக்கால் யோசியுங்கள்.
ந.

வியாழன் இரவு, லிட்டில் ராக்

வணக்கம். பன்னிரண்டு வருடமாக இந்த மாநிலத்தில் வாத்து சுடுகிறேன். இலக்கணம் தெரியாது. பெரியவருக்குப் போய்ச் சேர வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அரசு கொடுத்த பணம் பழைய சொந்தக்காரரோடு போயிற்று. நிரந்தரம் என்றால் உரிமையின் முழு மதிப்பு, 30 ஆண்டு என்றால் அதில் பாதி முதல் முக்கால் வரை. புதிதாக வாங்குகிறவருக்கு அதில் ஒரு டாலரும் வராது, கட்டுப்பாடு மட்டும் வரும். அதனால்தான் விலை குறைவு. உங்கள் சொல் இதைக் காட்ட வேண்டும்: இந்த நிலத்திலிருந்து ஏற்கெனவே ஏதோ விற்றாகிவிட்டது.

நெல் போடலாமா என்று பெரியவர் கட்டாயம் கேட்பார். ஸ்டட்கார்ட் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை நெல்தான். உலகத்தின் நெல், வாத்துத் தலைநகரம் என்று தங்களையே சொல்லிக்கொள்கிறார்கள், 1936இலிருந்து வாத்துபோலக் குரல் கொடுக்கும் போட்டி நடத்துகிறார்கள். ஆனால் இந்த 80 ஏக்கரில் பயிர் போட வேளாண் துறையின் இயற்கைவளப் பாதுகாப்புப் பிரிவான என்.ஆர்.சி.எஸ். எழுத்தில் அனுமதி தர வேண்டும். பயிர் இல்லாமலே வாத்து வரும். வசந்தத்தில் தண்ணீரை மெல்ல வடித்தால் சேற்றில் காட்டுத்தினை தானாக முளைக்கும், நம் குதிரைவாலியின் பங்காளி. இலையுதிர் காலத்தில் தண்ணீர் ஏற்றினால் விதைக்கு மல்லார்ட் வாத்து இறங்கும். தானாக முளைத்த புல்லை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சுடலாம். அறுக்காத பயிரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சுட்டால் இரை போட்டு வேட்டையாடிய குற்றம். வாத்து வேட்டையில் ஈயக் குண்டு 1991இலிருந்து நாடு முழுக்கத் தடை.

தண்ணீரை ஏற்றி இறக்கும் குழாய்க்கு என்ன சொல்? பலகை செருகிச் செருகி மட்டத்தை வைப்போமே, அது.
கா.

வியாழன் இரவு, கும்பகோணம்

பலகை மதகு.
ப.

வியாழன் இரவு, திருச்சி

பலகை மதகு. இதில் எனக்கும் மறுப்பில்லை. (குழுமத்தில் இப்படி நடப்பது அபூர்வம், தேதி குறித்து வைக்கவும்.)

ஆனால் வேறொன்று கேட்கிறேன். இந்தியாவில் 1972இலேயே சட்டம் போட்டுக் காட்டுயிர் வேட்டைக்குக் கடிவாளம் மாட்டினோம். பறவையைச் சுடுவதற்குச் சொல் செதுக்கிக் கொடுப்பது நம் வேலையா? வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் போய் 1798இல் எழுதியே வாங்கினார்கள், இங்கே யாரும் சுடக்கூடாதென்று.
இ.

வெள்ளி அதிகாலை, லிட்டில் ராக்

ஐயா, இங்கே சதுப்பைக் காப்பாற்றும் பணத்தில் சுடுகிறவனுக்கும் பங்கு உண்டு. 1934இலிருந்து பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரனும் வாத்து முத்திரை வாங்குகிறான். இப்போது 25 டாலர், அதில் டாலருக்கு 98 சென்ட் வாழிடத்துக்குப் போகிறது. (தபால்தலை மாதிரி இருக்கும், கடிதத்தில் ஒட்ட முடியாது. வருவாய் வில்லை என்கிறோமே, அதுபோல வாத்து வில்லை எனலாம்.) பிடிக்காவிட்டால் சரி, கணக்கு இதுதான்.
கா.

வெள்ளி, மதுரை

வேடந்தாங்கல் தாளின் பெயர் யாருக்கும் நினைவில்லையா? கவுல்! நிலத்தின்மேல் ஒரு நடத்தையைக் கட்டுப்படுத்தி, பறவைக்காக, எழுத்தில் கொடுத்த உறுதி. இ. அவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டார். 'காப்புக் கவுல்'.
சு.

வெள்ளி, திருச்சி

வடமொழி வேண்டாமென்றால் அரபியா?
இ.

வெள்ளி, பெருந்துறை

தாமதமாக வருகிறேன், தோட்டத்தில் வேலை. எங்கள் பக்கம் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம், வேப்பிலை சேர்த்து வீட்டுக்கும் காட்டுக்கும் கட்டுவோம். கோயில் திருவிழாவில் காப்புக் கட்டியவர் நோன்பு முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, இன்னின்னது செய்யக் கூடாது. ஆள் அதே ஆள், வீடு அதே வீடு, கட்டுப்பாடு மட்டும் மேலே. 'காப்புக்கட்டு நிலம்' என்று சொல்லிப் பாருங்கள். 30 வருடக் காப்பு, அவிழாக் காப்பு என்று இரண்டும் சொல்லலாம். பெரியவருக்கு விளக்கமே வேண்டாம்.
வே.

வெள்ளி, கும்பகோணம்

வே. தம்பி, என் ஓட்டு உனக்குத்தான். ஆனால் காப்புக்காடு என்று அரசு வனத்தைச் சொல்கிறோமே? காப்புக்கட்டு நிலம் என்றால் அரசு எடுத்துக்கொண்ட நிலம் என்று நினைத்துவிட மாட்டாரா?
ப.

வெள்ளி, பெருந்துறை

பாதி அப்படித்தானே அண்ணா?
வே.

வெள்ளி மாலை, மெம்ஃபிஸ்

நன்றி எல்லோருக்கும். நேரம் முடிந்துவிட்டது. பத்திரத்தில் 'காப்புப் பாத்தியம்' என்று போட்டுவிட்டேன். நான்கு பேர் ஏற்றதாக எண்ணினேன், அதில் இரண்டு பேர் சலித்துப்போய்ச் சரி என்றவர்கள். 'காப்புக்கட்டு' நெஞ்சுக்குப் பிடித்தது, ஆனால் வழக்கறிஞர் கையெழுத்திடும் தாளில் பூளைப்பூவை எப்படிச் செருகுவது? பெரியவருக்கு எழுதிய தனிக்கடிதத்தில் அதை வைத்துத்தான் விளக்கினேன். கா. சொன்னதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்: "இந்த நிலத்தில் வீடு கட்டவும் உழவும் உள்ள உரிமையைப் பழைய சொந்தக்காரர் முன்பே அரசுக்கு விற்றுவிட்டார், உங்கள் மகன் மிச்சத்தை வாங்குகிறார்."

படித்துவிட்டுப் பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ வில்லங்கச் சான்றில் வருமா?"

வரும் என்றேன். "அப்படியானால் வில்லங்கம் என்றே எழுதியிருக்கலாமே" என்றார்.
சி.

சனி, திருச்சி

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பாத்தியம் வடசொல். வில்லங்கமும் தமிழ்தானா என்பது ஐயம், அதன் வேர் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.
இ.

சனி, டொராண்டோ

தாராவை ஒருவரும் எடுக்கவில்லை.
ந.