நீர்வர்ணத்தில் பனிமலை பாழாகிறது, அவசர உதவி தேவை

நல்லூர்க்கிளி (செவ்வாய், இரவு 9.40)
வணக்கம். நீர்வர்ணத்தில் பனிமலை ஒன்று வரைகிறேன். மூன்றாவது தடவையும் பாழாகிவிட்டது. பனி அழுக்காகத் தெரிகிறது. நிழல் போட்டவுடன் கறை கறையாக இறங்குகிறது. சனிக்கிழமை அண்ணா வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும். என்ன பிழை விடுகிறேன்?

கச்சேரியடி
படம் எங்கே? என்ன கடதாசி, என்ன வர்ணம்? வைத்தியரிடம் போய் "நோகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்?

தூவானம்
தம்பி, பனி மிகவும் எளிது. கடதாசியை முழுதாக நனைத்துவிட்டு, மலையடிவாரத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். புகை மூடியதுபோல வந்துவிடும். நுவரெலியாவில் நான் அப்படித்தான் வரைந்தேன்.

கச்சேரியடி
அது மூடுபனி. இவர் கேட்பது மலைமேல் கொட்டிக் கிடக்கும் பனியை என்று நினைக்கிறேன்.

தூவானம்
அப்படியானால் உறைபனி என்று எழுதியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் காதைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குப் போவது. நான் என்னத்தைக் கண்டேன்?

சித்திரமாஸ்டர்
ஒவ்வொரு மாரிக்கும் இதே கேள்வி. பழைய இழைகளை ஒருவரும் வாசிப்பதில்லை. நீர்வர்ணத்தில் கடதாசிதான் வெள்ளை. பனியை யாரும் வரைவதில்லை, பனியைச் சுற்றி உள்ளதைத்தான் வரைகிறோம். சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்த பிள்ளைக்கே தெரிந்த விடயம் இது. முதலில் அந்த வெள்ளை ரியூப்பை எறியுங்கள். பிறகு சித்திரக் கொப்பியை எறியுங்கள்.

நல்லூர்க்கிளி (புதன், காலை 6.15)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நான் தங்கச்சி, தம்பி இல்லை. அண்ணா சுவிஸிலிருந்து அனுப்பிய மட்டர்ஹோர்ன் மலையின் படத்தைப் பார்த்து வரைகிறேன். வெள்ளை ரியூப் என்னிடம் இல்லவே இல்லை. கொப்பியும் இல்லை, சதுர மீட்டருக்கு 300 கிராம் வரும் தடித்த பருத்திக் கடதாசி. நிழலுக்குக் கறுப்பில் நிறையத் தண்ணீர் கலந்தேன்.

ஒற்றைப்பனை
தங்கச்சி, உங்களுக்கு இரண்டு வருத்தம். ஒன்று கறுப்பு. பனியில் நிழல் விழும் இடத்துக்கு வெயில் வராது, ஆனால் வானத்தின் ஒளி வரும். அதனால்தான் அந்த நிழல் நீலமாக இருக்கிறது. கறுப்பைக் கரைத்துப் பூசினால் சாம்பல் கொட்டியதுபோலத்தான் இருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் துளியளவு சேருங்கள். காய்ந்தால் நிறம் வெளிறும், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே போடலாம்.

இன்னொன்று, அந்த மலை 4478 மீட்டர் உயரம், ஆனால் மிகவும் செங்குத்து. பனி எல்லா இடத்திலும் ஒட்டி நிற்காது, பாறை வரிவரியாக வெளியே தெரியும். முழுவதையும் வெள்ளையாக விட்டால் அது ஐஸ்கிறீம் கூம்பு. தூரிகையின் ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, அதைப் படுக்கவைத்து, சொரசொரப்பான தாளில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள். மேடுகளில் மட்டும் வர்ணம் பிடிக்கும், பள்ளங்கள் பனியாக நிற்கும்.

கறை விடயம் வேறு. அந்தக் கடதாசி எவ்வளவு காலம் உங்களிடம் இருக்கிறது? எங்கே வைத்திருந்தீர்கள்?

சித்திரமாஸ்டர்
பருத்திக் கடதாசி கெடாது. கைதான் பிழை.

ஒற்றைப்பனை
மாஸ்டர், பருத்தி கெடாது, அதில் ஏற்றிய பசை கெடும். வர்ணம் உள்ளே இறங்காமல் மேலே நிற்பது அந்தப் பசையால்தான். மாரியில் உப்புப் போத்தலே அழுகிற ஊர் இது. தங்கச்சி, ஒரு மூலையில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல நின்றால் கடதாசி நல்லது. உடனே இறங்கிக் கறுத்தால் அது ஒற்றுத்தாள்.

மெழுகுதிரி
வெள்ளை வர்ணமே கூடாது என்று மாஸ்டர் ஏன் இத்தனை அடம் பிடிக்கிறார்? சைனீஸ் வைட் என்ற வெள்ளை நீர்வர்ணம் 1834 இலேயே கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் நீர்வர்ணத்தில் அடர்வெள்ளையும் போட்டார், மெழுகும் தேய்த்தார். ஆங்கிலேய ஓவியர் டேர்னர் காய்ந்த வர்ணத்தைச் சுரண்டி வெள்ளை எடுத்தார்.

சித்திரமாஸ்டர்
டேர்னர் சுரண்டலாம். நீங்கள் சுரண்டினால் ஓட்டைதான் விழும்.

மெழுகுதிரி
ஓட்டை விழுந்தாலும் அது வெள்ளை ஓட்டைதானே, மாஸ்டர்.

தூவானம்
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பனிமலை எதற்கு? தொண்டைமானாற்றுப் பக்கம் போனால் வெயிலும் நீரும் இருக்கின்றன, தூரிகையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கச்சேரியடி
அண்ணன் இருப்பது சுவிஸில், தொண்டைமானாற்றில் இல்லை.

மெழுகுதிரி
மாஸ்டர், மெழுகுதிரியாவது கூடுமா? பனி வரவேண்டிய இடத்தில் முன்கூட்டியே தேய்த்துவிட்டால் வர்ணம் ஒட்டாது.

சித்திரமாஸ்டர்
தேய்த்த மெழுகை எடுக்க முடியாது. தேய்த்த பிறகு இங்கே வந்து அழக் கூடாது.

நல்லூர்க்கிளி (ஞாயிறு, இரவு 10.05)
துளி உடனே இறங்கியது. இரண்டு மாரியாக அலுமாரிக்கு மேலே திறந்தபடி கிடந்த பொதி. நடுவிலிருந்த நான்கு தாளில் மட்டும் துளி நின்றது, அதில் ஒன்றில் முடித்தேன். நீல நிழல் சரியாக வந்தது. பாறை கொஞ்சம் பனைமரம்போல இருக்கிறது. அண்ணா பார்த்துவிட்டு "குளிருது" என்றார். எல்லோருக்கும் நன்றி.

கச்சேரியடி
படம் எங்கே?