புதுப்பிப்பு: குளுக்கோமீட்டர் ஏன் தாறுமாறாகக் காட்டியது

போன வாரம் நான் கேட்டது இது: வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் அந்தக் கருவி, ஒரே விரலில் 142 காட்டி இரண்டே நிமிஷத்தில் 196. ஹெல்ப்லைனில் மூன்று தடவையும் ஒரே பாட்டு, "பேட்டரியை மாத்துங்க சார்." பேட்டரி குறைந்தால் திரையில் குறி வரும், எண் இப்படித் தாவாது.

கோளாறு ஸ்ட்ரிப்பில், அதாவது ரத்தச் சொட்டு வைக்கும் பட்டையில். டப்பாவிலேயே 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லிப் பொடியெழுத்தில் போட்டிருக்கிறது. வேலூர் மே மாத வெயிலில், மூடி சரியாக அழுந்தாமல் ஜன்னலோரம் கிடந்தால் என்ன மிஞ்சும்? ஈரம் பட்டாலே ஸ்ட்ரிப்பில் உள்ள என்சைம் (சர்க்கரையோடு வினைபுரியும் பொருள்) கெட்டுவிடும். ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

புது டப்பாவில் 151, 147.

இன்னொன்று: மாம்பழம் நறுக்கிய விரலை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது, ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரையும் அளவில் சேர்ந்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்துங்கள்.