புதுப்பிப்பு: ஆயில் சம்ப்புக்கு எந்த சீலன்ட் என்று கேட்டிருந்தேனே

கேஸ்கெட் (இணைப்பின் நடுவே வைக்கும் அடைப்பு) இல்லாத தகட்டுச் சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, ஓரமெல்லாம் ஆயில் கசிவு, என்ன பேஸ்ட் போடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் சாம்பல் நிற ஆர்டிவி சிலிக்கான் (அறை வெப்பத்திலேயே காய்ந்து ரப்பர் போலாகும் பேஸ்ட்), லாக்டைட் 5699, அதைத்தான் போட்டோம்.

தர்மபுரியில் ஒரு கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது மீன் தொட்டி ஒட்டுகிற சிலிக்கான். காயும்போது வினிகர் வாடை வருமே, அந்த வகை அசிட்டிக் அமிலத்தை விடும், உலோகத்தை அரிக்கும். தயவுசெய்து இன்ஜினில் போடாதீர்கள். அனரோபிக் (காற்றுப் படாத இடுக்கில் இறுகும் பேஸ்ட்) போடச் சொன்ன அண்ணனுக்கு: இரண்டு பக்கமும் கடைந்த கெட்டியான உலோகமாக, இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் அது அருமை, ஆனால் தகட்டுச் சம்ப் வளையும், அதனால் விட்டுவிட்டேன்.

என்னைக் கேட்டால் பேஸ்ட்டை விடச் சுத்தம்தான் பெரிய விஷயம். பழையதைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மேலே இன்ஜினிலிருந்து ஆயில் சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருந்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகுதான் மெக்கானிக் டியூபைத் திறந்தார். சுமார் 3 மி.மீ. கோடு, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக, எங்கேயும் விடாமல் ஒரே சுற்று. தாராளமாக அப்பினால் உள்ளே பிதுங்கி விழுந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயிலை உறிஞ்சும் இடத்துச் சல்லடையை) அடைக்கும், அப்புறம் ஆயில் போகாமல் பேரிங் போய்விடும். 24 மணி நேரம் காயவிட்டுத்தான் ஆயில் ஊற்றினோம்.

தொப்பூர் கணவாய் ஏறி இறங்கியாயிற்று, சம்ப் ஓரம் காய்ந்தே இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர் கேட்ட டிரெயின் பிளக் (ஆயில் வடிக்கும் போல்ட்) வாஷரையும் புதிதாகவே போட்டோம்.