புதுப்பிப்பு: டப்பா சாப்பாட்டு டயட், 8 வாரம் கழித்து

தயார் உணவை வீட்டுக்கே அனுப்பும் எடைக்குறைப்புத் திட்டத்தில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்தேன். 8 வாரத்தில் 4 கிலோ குறைந்தது.

முதல் வாரமே 2 கிலோ இறங்கியதும் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான்: உடலில் சேமித்த கிளைக்கோஜன் (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரும் போய்விடும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும்; 2 கிலோவும் கொழுப்பாகவே ஒரே வாரத்தில் கரைவது நடக்கிற காரியமா!

உண்மையில் உதவியது அளவுதான். என் கண்ணளவு எவ்வளவு பொய் என்று அந்தச் சின்ன டப்பா காட்டிக்கொடுத்தது. ருசி? சுமார். உப்பு தூக்கல்; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபிளில் சோடியத்தைப் பாருங்கள்.

நிறுத்தி 3 வாரம் ஆகிறது, அரைக் கிலோ திரும்பிவிட்டது. காலி டப்பாக்களை எறியவில்லை. வீட்டுச் சமையலை அதிலேயே அளந்து சாப்பிடுகிறேன்.