கிகேடில் (மின்சுற்றுப் படம் வரையும் மென்பொருள்) இரண்டு பக்கங்களை அருகருகே பார்க்க வழி உண்டா?

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். மாமாவின் விசைத்தறிப் பட்டறைக்கு ஒரு சர்க்யூட் போர்டு வரைகிறேன். பாவு நூல் அறுந்தால் அந்தத் தறி உடனே நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் 8 தறிகள் இருப்பதால் படம் 7 பக்கமாகிவிட்டது.

துணைப் பக்கத்தைக் குறிக்கும் ஷீட் பெட்டியை டபுள் கிளிக் செய்து உள்ளே போகவும், ஆல்ட்டும் பேக்ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மேலே வரவும் பழகிவிட்டேன். பக்கங்களின் பட்டியலையும் ஓரத்தில் திறந்தே வைத்திருக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில். மைக்ரோகன்ட்ரோலர் (கட்டுப்படுத்தும் சிப்) ஒரு பக்கம், ரிலேக்கள் (தறியை நிறுத்தும் சுவிட்சுகள்) இன்னொரு பக்கம். ஒரே ஜன்னலில் மாறி மாறிப் போய் வருவதற்குள் எந்தப் பின் (சிப்பின் கால்) என்பதே மறந்துபோகிறது. நேற்று 3, 4ஆம் ரிலேக்களின் லேபிள்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். இஆர்சி (மின் இணைப்பு விதிகளைப் பார்க்கும்) சோதனையில் பிழை வரவில்லை. இணைப்பு முறைப்படி இருந்தால் அதற்குப் போதும். அப்படியே போர்டு செய்திருந்தால் நூல் அறுந்த தறி ஓடிக்கொண்டிருக்க, பக்கத்துத் தறி நின்றிருக்கும். துணி வீணாகும்.

இப்போதைக்கு ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி இரண்டாவது மானிட்டரில் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே புராஜெக்ட்டின் இரண்டு பக்கங்களை இரண்டு ஜன்னல்களில் பாதுகாப்பாகத் திறந்து வேலை செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இல்லையென்றால், ரிலேக்களையும் மைக்ரோகன்ட்ரோலரையும் ஒரே ஏ3 தாளில் கொண்டுவருவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த வாரம் போர்டை அனுப்ப வேண்டும்.